எனக்காகத் தோற்ற கப்டன் அண்ணைக்கு

என் உயிருக்குக் குறிவைத்து, பிறகு அதே உயிரை ஜெர்மனியில் காப்பாற்றித் தந்த அன்பு நிஹால் அண்ணை,

நீங்கள் போய் மூன்று கிழமை ஆகிறது. வுப்பர்டாலில் மழை விடவில்லை. உங்கள் பல்கனி மிளகாய்க் கன்றுகளை நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒன்று காய்த்திருக்கிறது. மற்றது உங்களைப் போலவே முறைத்துக்கொண்டு நிற்கிறது.

வருகிற ஞாயிறு உங்களுக்குத் திருப்பலி. அது முடிய, சாப்பாட்டுக்கு முதல் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்று அக்கா கேட்டிருக்கிறார். உங்கள் மனைவி கேட்டு நான் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஆனால் ஏழு வருடமாக உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நீங்கள் சிலாபத்துச் சிங்களவர். தமிழ் பேசுவீர்கள், வாசிக்கமாட்டீர்கள். அந்தத் துணிவில் முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் சண்டை உங்களுக்குத் தெரியும். இதைப் பக்கத்தில் நின்று வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கடலோரக் களப்புக் கரையில் ஒரு பழைய நெல் ஆலை. அதுதான் உங்கள் இராணுவ முகாம், நீங்கள் அதற்குக் கப்டன். வெளியே பனங்காணிக்குள் நான், இயக்கத்தின் ஒரு குழுவுக்குப் பொறுப்பாளன். அதற்கு முதல் கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டர். அதனால் எனக்குச் சிங்களம் தெரியும் என்று ஒலிபெருக்கியை என் கையில் தந்து, உங்களைச் சரணடையச் சொல்லச் சொன்னார்கள்.

சரணடைவதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? எந்தப் பயணியும் என்னிடம் சரணடைந்ததில்லையே. தெரிந்ததைச் சொன்னேன். “கடைசித் தரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் இறங்குங்கள். சாமான்களை மறக்காதீர்கள்.” மூன்று நாள் இதையே சொன்னேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் துவக்குச் சூட்டால் பதில் சொன்னீர்கள்.

மூன்றாம் நாள் அந்த முகாமைக் கைவிட்டதற்காக உங்கள் மேல் விசாரணை வந்தது. எனக்கு இயக்கத்தோடு ஒத்துவரவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக ஓடிவந்து ஒரே ஊரில் அகதிகளானோம். ஒருநாள், மேலே தண்டவாளத்தில் தொங்கி ஓடும் இந்த ஊர்த் தொங்கு ரயில் கடைசி நிலையத்துக்கு வந்தபோது, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த நண்பனை எழுப்ப, பகிடிக்கு அதே வசனத்தைச் சிங்களத்தில் சத்தமாகச் சொன்னேன். எதிர் ஆசனத்தில் லீக்ஸ் மரக்கறிப் பையோடு இருந்த பெரிய மனிதர் ஒருவர் சட்டென்று குனிந்து பையால் தலையை மறைத்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, “மல்லி, தம்பி, நெல் ஆலையா?” என்று கேட்டார். அந்தப் பெரிய மனிதர் நீங்கள்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக் குசினி மேசையில் எத்தனை தரம் அந்தச் சண்டையைத் திரும்பப் பிடித்தோம்! உருளைக்கிழங்கு உங்கள் ஆட்கள், வெங்காயம் எங்கள் ஆட்கள். நாங்கள் முகாமைப் பிடித்தோம் என்பேன் நான். மேலிடத்துக் கட்டளைப்படி ஒழுங்காக அணிவகுத்து வெளியேறினேன், தோற்கவில்லை என்பீர்கள் நீங்கள். அக்கா உங்களை நம்பினார். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார். தீர்ப்பு வருவதற்குள் அவர் வெங்காயத்தை எடுத்து வெட்டிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். காரணம், அந்த வசனம். எதிரியைப் பார்த்துச் சாமான்களை மறக்காதீர்கள் என்று எந்தப் படையும் சொல்லாதாம். நான் அந்தச் சண்டையிலேயே இருக்கவில்லையாம். அதிகாரியைக் குறை சொல்ல முடியுமா? எனக்கே வாசிக்கும்போது நம்பிக்கை வரவில்லை. மேன்முறையீட்டு வழக்கில் சாட்சி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அங்கே எனக்கு இரண்டு பக்கமும் குழி. என் பக்கத்தில் மிஞ்சியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது.

நீங்கள் தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னீர்கள், “வழக்கு டெர்மின் எப்ப, எந்தத் தேதி? நான் வாறேன். மூணு நாள் உன்னைக் கேட்டவன் நான்தானே.”

வழக்கு மன்றத்தில் நீதிபதி அம்மா அந்த வசனத்தை அப்போது சொன்னது போலவே சொல்லச் சொன்னார். நான் எழுந்து நின்று கத்தினேன். நீங்களும் பழக்கதோஷத்தில் எழுந்து, சிங்களத்தில் என் பரம்பரையையே இழுத்துப் பதில் சொன்னீர்கள். மொழிபெயர்ப்பாளர் வியர்த்துப்போய், சாட்சி இவரை அடையாளம் காண்கிறார் என்று மட்டும் ஜெர்மனில் சொன்னார்.

எல்லோரும் சிரித்து முடிய நீதிபதி கடைசியாகக் கேட்டார், சண்டை எப்படி முடிந்தது என்று. நாங்கள் முகாமைப் பிடித்ததாக என் விண்ணப்பத்தில் இருந்தது. நீங்கள் உங்கள் கதையைச் சொன்னால் என் கதை பொய். பின்வரிசை வாங்கில் அக்கா இருந்தார். அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்,

“மூணாம் நாள் காலையில இவன்ட சத்தம் நின்னுபோச்சு. பெருசா அடிக்கப் போறாங்கன்னு பயந்தோம். கட்டளை ஒண்ணும் வரல்ல. பத்து மணிக்கு நாங்க ஓடினோம். அவங்கதான் வென்றாங்க.”

எனக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. திரும்பி வரும்போது ரயிலில் மூன்று நிலையம் வரை நீங்கள் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அக்காதான் உங்கள் கையைப் பிடித்து, “நீங்கள் ஓடினபடியால்தானே எனக்குப் புருசன் இருக்கிறார்” என்றார். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கவுமில்லை.

அன்று காலை மழை, அண்ணை. மேற்கே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. உங்களுக்கு உதவிப்படை வந்துவிட்டது என்று நினைத்து, “ஓடுங்கோ” என்று முதலில் கத்தியவன் நான். ஒலிபெருக்கியை வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டு ஓடியவர்கள் அடுத்த ஊர்ச் சந்தையில்தான் நின்றோம். முகாம் வெறுமையாகக் கிடக்கிறது என்று மத்தியானம் ஒரு மீன்காரர் வந்து சொன்னார். நாங்கள் நம்பவில்லை. பின்னேரம் பயந்து பயந்து போய்ப் பார்த்தால் உள்ளே ஊர் ஆடுகள். உங்கள் மேசைமேல் ஏறி நின்ற கிடாய் ஒன்று பதிவேட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட்டுத்தான் நாங்கள் கொடியேற்றினோம்.

வழக்கு மன்றத்தில் அதைச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் சோற்றைத் தின்றுகொண்டே சொல்லாமல் விட்டேன். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது, அண்ணை.

வருகிற ஞாயிறு அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால், எங்கள் ஆட்கள், உங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்க, எழுந்து நின்று சொல்வேன். இது சத்தியம். அந்தச் சத்தம் நின்றது உங்களை அடிக்க அல்ல. நாங்கள் ஒன்பதரைக்கே போய்விட்டோம். அரை மணித்தியாலம் சுற்றிவர எதிரியே இல்லாமல் அந்த முகாம் முழுவதும் உங்களுடையதாக இருந்தது. சண்டையை வென்றுவிட்டுத்தான் நீங்கள் ஓடினீர்கள்.

உங்களிடம் தோற்றுப்போன தம்பி,
ஜெயசீலன்