பாட்டு முடிந்தது தெரியாமல்

டிச. 14, ஞாயிறு

பனி. வெயில் வரவே எட்டரை. வாசலில் ஸ்டார் மாட்டினேன். சீரியல் பல்பு பாதி எரியவில்லை. வாங்க வேண்டியது (மனைவி எஸ்தரின் லிஸ்ட்): பல்பு, மைதா, மகள் ஜெனிக்கு ஹேர்பின்.

ஆராதனை முடிந்து பாடகர் குழுப் பயிற்சி. பிறகு சாமுவேல் (குழு லீடர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்) தனியே கூப்பிட்டான். முதலில் சொன்னது காதில் விழவில்லை. திரும்பச் சொல்ல வைத்தேன், பாவம்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கிறிஸ்மஸுக்கு நீங்க சபையோட உக்காந்து பாடுங்க. சுதி வெலகுது. பசங்க சிரிக்கறானுங்க."

இருபத்திரண்டு வருஷம் பேஸ் (கீழ்க்குரல்) வரிசையில் நின்றவன் நான். சரி தம்பி என்றேன்.

ஜெபம்: எஸ்தர் முழங்கால். ஜெனி பரீட்சை. என் காது.

டிச. 16, செவ்வாய்

தூறல். பகல் ஷிப்ட். இரும்பு மில்லில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுவதுதான் என் வேலை. சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. உள்ளங்கையைத் தரை பார்க்க நீட்டினால் நிறுத்து. மில் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அந்தச் சத்தம்தான் காதைத் தின்றது. அடைப்பான் வைக்கச் சொன்னபோதெல்லாம் வைக்காதது என் திமிர். போனது திரும்பாது என்று பொன்னேரி டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்.

நாஷ்டா நேரத்தில் முனுசாமி (கிரேன் ஓட்டுபவர், எளாவூர்) காதருகே கத்தினார்: "இன்னா நைனா, மூஞ்சி தொங்கிக்கினு கீது? ஊட்ல சண்டையா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"பாடறதுக்கு வாய்தான வோணும், காது எதுக்கு?"

கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, ஆண்டவர் மேல். உமக்குத்தானே பாடினேன், அதைக்கூட விட்டுவைக்கவில்லையா? எழுதவே பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜெபம்: முழங்கால். பரீட்சை. காது, காது, காது.

டிச. 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. சளி என்று சொன்னேன். பொய்.

எஸ்தர் திரும்பி வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை. "சளின்னு சொல்லிக்கினு எத்தினி வாரம் ஊட்லயே இருப்ப? பாட்டு எப்ப முடியும்னு தெரியாதுன்னுதான பயம்? பொம்பளைங்க பக்கத்துலேருந்து நான் கை காட்டறேன். உன் மில்லு சைகைதான்."

முறுக்கு மாவுக் கையோடு அடுப்பங்கரையில் ஒத்திகை. தூக்கு. நிறுத்து. ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்.

ஜெபம்: முழங்கால். பரீட்சை. காது.

டிச. 25, வியாழன்

ஆறு மணி ஆராதனை. குளிர். புதுச் சட்டை, கழுத்து இறுக்கம்.

குழு மேலே. என் இடத்தில் வேறொரு பையன். இரண்டாம் பாட்டு எனக்குப் பிடித்தது. எஸ்தரைப் பார்க்கவேண்டும் என்பதே மறந்து, கண்ணை மூடிப் பாடினேன். உள்ளே, பழைய மாதிரியே சுத்தமாகக் கேட்டது.

கண் திறந்தால் சபை முழுக்க என்னைப் பார்க்கிறது. குழு மூன்று சரணத்தோடு நிறுத்திவிட்டது. நான் நாலாவதில் இருக்கிறேன். பெண்கள் பக்கம் பார்த்தேன். எஸ்தர் உள்ளங்கையைத் தரை பார்க்க நீட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. நிறுத்தினேன். காது மடல் சுட்டது.

அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுற்றினாள். தூக்கு.

மிச்சத்தைப் பாடினேன். தனியாக. சுதி எப்படி இருந்தது என்று தெரியாது. கர்த்தருக்குத் தெரியும். வெட்கமே வரவில்லை. பயிற்சியில், மேடையில், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிறைவு இருந்ததில்லை. சாமுவேல் தலை குனிந்து நின்றான்.

மத்தியானம் பிரியாணி. நல்ல தூக்கம்.

டிச. 26, வெள்ளி

பகல் ஷிப்ட். மேகமூட்டம். முனுசாமிக்குக் கேக், முறுக்கு. "எப்டி கீது கிறிஸ்மஸ்?" என்று மேலே கேபினிலிருந்து கையால் கேட்டார். சுட்டுவிரலைச் சுற்றிக் காட்டினேன்.

வாங்க வேண்டியது: எஸ்தருக்கு முழங்கால் தைலம்.

ஜெபம்: எஸ்தர் முழங்கால். ஜெனி பரீட்சை. முனுசாமி குடும்பம். சாமுவேல். அவ்வளவுதான். மூன்றாவதாக எப்போதும் காது உண்டே என்று இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது.