பத்து நகம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன். நான் நலம். அப்பா படுத்தபடியே நலம். நீ அனுப்பிய தைலத்தில் வீடே மணக்கிறது. இடுப்பு வலி மட்டும் அசையவில்லையாம்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றார். அடி முதுகில் பிதுங்கிய டிஸ்க்கைப் பெரும்பாலும் உடம்பே மெல்ல மெல்லச் சுருக்கிவிடுமாம். "கால்ல பலம் குறைஞ்சா, சிறுநீர் அடைச்சா உடனே ஓடி வாங்க. இல்லன்னா படுத்தே கிடக்காம கொஞ்சம் கொஞ்சமா நடங்க."

வெளியே வந்ததும் அப்பா, "ஊசிகூடப் போடாதவன் எல்லாம் டாக்டரா?" என்றார். கார் வரை நடந்தார். நடை அதோடு சரி.

சாப்பாடு கட்டிலுக்குப் போகிறது. கால் நகம்கூட நான்தான் வெட்டிவிடுகிறேன். அப்பாவின் சலவைக் கடையில் இப்போது நான்தான்; வாடிக்கையாளருக்கு இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தே பதில் சொல்கிறேன். அப்பா எழுந்ததும் திரும்பப் பள்ளிக்கூடம் போகலாம் என்றாயே, அதை நம்பித்தான்.

உன் வாயில்லாப்பூச்சி

ஜூன் 11

அக்கா,

அப்பாவின் கால் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்கின்றன. நான் வெட்டவில்லை. கேட்டேன். "அதுவா உடைஞ்சிருக்கும்" என்றார். பத்தும், ஒரே அளவில்.

டாக்டர் சொன்னது நடந்துவிட்டது, அப்பாவால் குனிய முடிகிறது. அந்த உடம்பில் ஒழுங்காக வேலை செய்தது டிஸ்க் ஒன்றுதான்.

நான் பள்ளிக்கூடம் போகட்டுமா?

தங்கை

ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

கோபப்படாதே. அப்பாவுக்குச் சரியானது எனக்குத் தெரியும். "சின்னவகிட்ட சொல்லாதே, கடை நல்லா ஓடுது" என்று போன மாதமே சொன்னார். வாயே திறக்காத நீ பள்ளிக்கூடம் போய் என்ன செய்யப் போகிறாய்? ஒரு வருடம் பொறுத்துக்கொள், கண்ணு. இன்னொரு புட்டி தைலம் அனுப்புகிறேன்.

ஆசையுடன்,
அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

தைலம் வந்தது. கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கடைக்கதவுக் கீலுக்குப் போட்டேன். தைலம் குணப்படுத்தியது அந்தக் கீலை மட்டும்தான்.

இன்று பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்தேன். "சத்தமா சொல்லும்மா" என்றார் தலைமையாசிரியை. சொன்னேன்.

காலையில் கிளம்பும்போது கடைச் சாவியை அப்பாவின் கட்டிலடியில் தரையில் வைத்தேன். "ஏய், எடுத்துக் குடுத்துட்டுப் போ!" என்று கத்தினார். நான் பேசவில்லை. அதுதான் எனக்கு நன்றாக வருமே.

சாயங்காலம் வந்தபோது கடை திறந்திருந்தது.

இனி தைலம் அனுப்பாதே. கடிதமும் வேண்டாம்.

தங்கை