நெற்றியில் மணல்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனஸ் காக்கா தோஹாவுக்குக் கொண்டுவரும் நேந்திரங்காய் சிப்ஸ் பொதிக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். போனில் சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

இப்போதெல்லாம் எனக்கு ஒரே கனவு. குளச்சல் கடலுக்குள் இறங்குகிறேன். தண்ணீர் என்னைப் பஞ்சுபோல வாங்கிக்கொள்கிறது. முழங்கால் தானாக மடங்குகிறது. அடிமணலில் நெற்றி பட ஸஜ்தா செய்கிறேன். விழித்ததும் நெற்றியைத் தடவிப் பார்ப்பேன். மணல் இருக்காது.

வீடியோ காலில் முகத்தை மட்டும்தான் காட்டுகிறேன், கவனித்தீர்களா? எடை நூற்றுப் பதினெட்டு. சர்க்கரையும் வந்துவிட்டது. முழங்கால் மடங்காததால் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். நம் குடும்ப டாக்டரிடம் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் பற்றிக் கேட்டேன்.

"வாயைக் கட்டத் தெரியாம வயித்தை வெட்டச் சொல்லுதியே மக்கா? நெய்ச்சோறை நிறுத்து, போதும்" என்றார். வெளியே காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். இரண்டு வருடமாக நான் நெய்ச்சோறு தொடவில்லை மச்சான்.

நேற்று நம் ஜஸீனா தொழுது விளையாடினாள். என் முக்காட்டைப் போட்டு, பாயை விரித்து, நாற்காலியை இழுத்து வந்தாள்.

"அது எதுக்கு மக்களே?"

"உம்மாமாருக்குத் தொழ நாற்காலி வேண்டாமா?"

திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் வேறொரு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். மயக்க ஊசிக்குப் பிறகு கண் திறக்காவிட்டால் பிள்ளை யாரிடம் தூங்குவாள் என்ற பயம் இருக்கிறது. ஆனாலும் சம்மதம் கேட்கவில்லை மச்சான், துஆ மட்டும் செய்யுங்கள்.

அடுத்த லீவில் வரும்போது அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், நான் பாயில் தொழுகிறேன்.

உங்கள் மகளின் உம்மா