இரண்டு தொட்டிக் குப்பைக்கு ஒரே பள்ளம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார், இவர் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு நடப்பதன் நன்மைகளைப் பற்றி எனக்குப் படித்துக் காட்டுகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நகராட்சிக்குச் சுத்தமான நகரம் என்று முதல் பரிசு கிடைத்த செய்தியைப் பார்த்துவிட்டு, பெருமையா இருக்கும்மா, நீங்க சுற்றுச்சூழல் குழுவுல இருக்கீங்கல்ல என்று அனுப்பியிருந்தாய். போனில் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, இரண்டு நாள் கழித்து நீ கூப்பிட்டபோதும் சமையல் வேலை என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்துகொண்ட பிறகு உனக்கு எது தோன்றுகிறதோ அதைச் சொல், அதுவரை அந்தப் பெருமையைக் கையிலேயே வைத்திரு.

போன வருடம் இரண்டு தொட்டித் திட்டம் வந்தது உனக்குத் தெரியும். மக்குகிற குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி, வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்தோம். எங்கள் நகராட்சித் தலைவரைத்தான் ஊரே ரிப்பன் என்று கூப்பிடுகிறதே, எதைத் திறந்தாலும் ரிப்பன் வெட்டாமல் அவர் கை திறக்காது, அந்த மனிதர் தொட்டி கொடுக்கிற அன்றைக்குத் தொட்டிக்கே ரிப்பன் கட்டி வெட்டினார். திறக்கிறதுக்கு முன்னாலேயே தொட்டி காலி, மூளையும் காலி என்று அப்பா என் காதில் சொன்னார், நான் அவரை முறைத்தேன். அப்போது எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் நம்பிக்கை இருந்தது. தெருத் தெருவாகப் போய் முட்டை ஓடு பச்சையில், பால் பாக்கெட் நீலத்தில் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரிக்காத வீடுகளின் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், விதி மீறிய வீடு என்று கொட்டை எழுத்தில். குழு உறுப்பினர்களே நேரில் போய் ஒட்டினால்தான் மக்களுக்குப் பயம் வரும் என்றார் ரிப்பன். வார்டு கவுன்சிலராயிற்றே, நானும் ஒட்டினேன். எங்கள் வார்டில் மொத்தம் முப்பத்தொரு வீட்டுக் கதவில் ஒட்டினேன். அதில் ஒன்று உனக்குப் பள்ளிச் சட்டையெல்லாம் தைத்துக் கொடுத்த தையல்கார அக்கா வீடு. அவருக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை, பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வெட்டுத்துணியைப் பச்சைத் தொட்டியில் போட்டுவிட்டார். நான் போய் ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டேன். அதற்கப்புறம் துணி தைக்கக் கொடுத்த இரண்டு பேர் கதவைப் பார்த்துவிட்டு, சுத்தம் இல்லாத இடத்தில் தைத்த துணி வேண்டாம் என்று திருப்பி வாங்கிக்கொண்டு போனார்களாம், அது எனக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்து.

இதெல்லாம் எப்படி உடைந்தது என்றால் கீழ்த்தெருவிலிருந்து. அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது, எல்லோருக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறுதான். தண்ணீர் பழுப்பாக வருகிறது, குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அங்கேயிருந்து ஒரு அம்மா வந்து என்னிடம் சொன்னார். நான் சுகாதார அலுவலரைக் கேட்டேன், கோடையில் அப்படித்தான் வரும் மேடம் என்றார். மழைக்காலத்தில் கேட்டேன், மழையில் அப்படித்தான் வரும் என்றார். இந்த ஆளுக்குப் பருவம் மாறுகிறதே தவிர பதில் மாறுவதில்லை. அந்த அம்மாதான் சொன்னார், குப்பை லாரி எங்க தெருவழியாத்தான் பழைய கல்குவாரிப் பக்கம் போகுது, ஏன் போகுதுன்னு கேளுங்க என்று. குப்பை பிரிக்கிற கொட்டகை ஊருக்கு மேற்கே இருக்கிறது, குவாரி கிழக்கே. எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி எங்கள் தெருவைவிட்டுக் கிளம்பியதும் ஸ்கூட்டரை எடுத்தேன். அப்பா தானும் வருவேன் என்று ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறிவிட்டார். முழங்கால் எங்கே போயிற்று என்று கேட்டேன், அதுவும் கூடத்தான் வருது என்றார். லாரி மேற்கே திரும்பவே இல்லை. நேராகக் கீழ்த்தெரு, அதைத் தாண்டி மண்பாதை, கடைசியில் குவாரிப் பள்ளம். பின்பக்கத்தைத் தூக்கி, நாங்கள் வீடு வீடாகப் பிரிக்கச் சொன்ன பச்சையையும் நீலத்தையும் ஒன்றாக உள்ளே சரித்தார் டிரைவர். பள்ளத்தின் அடியில் கறுப்பாகத் தண்ணீர் நின்றது, மேலே பால் பாக்கெட் மிதந்தது. டிரைவர் என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தார், ஐம்பதைத் தொடுகிற மனிதர். மேடம், கொட்டகையைப் பூட்டி ஏழு மாசம் ஆச்சு, பிரிக்கிற மெஷினோட பெல்ட்டு அறுந்து கெடக்கு, இங்க கொட்டச் சொன்னாங்க கொட்டுறேன், என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க, நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க என்றார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாரமே மன்றக் கூட்டம், பரிசு வாங்கியதற்குப் பாராட்டுத் தீர்மானம். மேஜை மேல் வரிசையாகப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், பிளாஸ்டிக் ஒழிப்பு வாரம் வேறு அது. ஒவ்வொருவராக எழுந்து ரிப்பனைப் புகழ்ந்தார்கள், பதினெட்டுப் பேரும் தலையாட்டி பொம்மை மாதிரி. என் முறை வந்தபோது எழுந்து, கொட்டகையைக் கடைசியாக என்றைக்குத் திறந்தீர்கள் என்று கேட்டேன். சுகாதார அலுவலர் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார். ரிப்பன் சிரித்துக்கொண்டே, அம்மா, குப்பை கடைசியில எங்க போகுதுங்கிறது ரெண்டாவது விஷயம், பிரிக்கிற பழக்கம் ஜனங்களுக்கு வந்துச்சா இல்லையா, அதைப் பாருங்க என்றார். இதைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும் பார். யார் சொன்னது, டிரைவரா என்று கேட்டார் உடனே. நானே லாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன் என்றேன். கவுன்சிலரம்மா குப்பை லாரியைத் துரத்துறாங்களாம் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சரி, கொட்டகைச் சாவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், இப்போதே எல்லோரும் போய்ப் பார்ப்போம் என்றேன். அப்புறம் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காவலாளியைக் கேட்டால் ஆபீசில் இருக்கிறது என்றார், ஆபீசில் கேட்டால் பொறியாளரிடம், பொறியாளர் லீவு, அவருடைய மேஜை டிராயருக்கே சாவி இல்லை. முக்கால் மணி நேரம் தேடினார்கள். முதல் பரிசு வாங்கிய நகராட்சிக்குத் தன்னுடைய கொட்டகைச் சாவி எங்கே என்று தெரியவில்லை. கூட்டத்தை முடித்துவிட்டார்கள். கூட்டக் குறிப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா, உறுப்பினரின் கேள்விக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டது. இரண்டு நாளில் என்னைக் குழுவிலிருந்து நீக்கி ஓர் ஆணை வந்தது, குழுவின் கண்ணியத்தைக் குறைத்தேனாம்.

இவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொண்டே போகலாம், ஆனால் உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. குழுவைவிட்டு வருவதற்கு முன் பழைய கோப்புகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. புரட்டிப் பார்த்தேன். பெல்ட் பழுதுபார்ப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, அதற்கு ஒதுக்கியதை ஸ்டிக்கரும் விளம்பரப் பலகையும் அச்சடிக்கத் திருப்பிவிடலாம் என்று ஒரு காகிதம். கீழே ஐந்து கையெழுத்து, நான்காவது என்னுடையது. எப்போது போட்டேன் என்றுகூட ஞாபகம் இல்லை. கூட்டம் முடிந்து கிளம்புகிற அவசரத்தில் நீட்டியிருப்பார்கள், பேனாவை மூடுவதற்கு முன் போட்டுத் தொலைத்திருப்பேன். பதினெட்டுப் பொம்மைகள் என்று எழுதினேனே, பத்தொன்பது என்று திருத்திப் படித்துக்கொள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஸ்டிக்கர் ஒட்டினவ நீதானே, நீயே போய் எடுத்துட்டு வா என்றார்.

மறுநாள் ஒரு வாளியில் வெந்நீரும் பழைய கத்தியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முப்பத்தொரு வீட்டுக் கதவையும் நானே சுரண்டினேன், மூன்று நாள் ஆனது. அந்தப் பசை இருக்கிறதே, நகராட்சி உருப்படியாக வாங்கிய ஒரே பொருள் அதுதான், நகம் பெயர்ந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் நடந்ததைச் சொன்னேன், என் கையெழுத்தையும் சேர்த்துத்தான். சிலர் திட்டினார்கள், ஒருவர் கதவையே திறக்கவில்லை. தையல்கார அக்கா வீட்டுக்குக் கடைசியில்தான் போனேன், தைரியம் வரவில்லை. அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நான் சுரண்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிச்சிடுங்க அக்கா என்றேன். ஸ்டிக்கர் ஒட்டினதுக்கு எனக்குக் கோபம் இல்லம்மா, ஒட்டுறப்ப என் முகத்தைப் பார்க்காம ஒட்டினியே, அதுதான் தாங்கல என்றார். அவரே கத்தியை வாங்கி மிச்சத்தைச் சுரண்டினார், கண் சரியாகத் தெரியாதவர், என்னைவிடச் சுத்தமாக எடுத்தார். பிறகு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, சரி, இப்ப அந்த லாரி எங்க போகுது என்று கேட்டார். இன்னும் குவாரிக்குத்தான் என்றேன். அப்ப தினமும் பின்னாடி யாராவது போனா என்ன பண்ணுவான் என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, கீழ்த்தெரு, மூன்று தெருவிலும் முறை போட்டுக்கொண்டோம். தினமும் காலையில் லாரிக்குப் பின்னால் ஒரு வண்டி. யாரும் மறிப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, சும்மா பின்னால் போவது, கொட்டுகிற இடத்தில் நின்று பார்ப்பது. நான்காம் நாள் டிரைவர் ஆபீசில் போய், ஊரே பின்னாடி வருது சார், நான் எப்படிக் குவாரிக்குப் போறது என்று கையை விரித்துவிட்டார். அவர் மேல் பழியும் இல்லை, வேலையும் இருக்கிறது. ஏழு மாதம் கிடைக்காத சாவி மறுநாளே கிடைத்தது, ஒன்பது நாளில் பெல்ட் மாட்டிவிட்டார்கள். இப்போது லாரி மேற்கே போகிறது. ரிப்பன் உடனே கொட்டகை வாசலில் தன் படத்தோடு, மக்கள் கண்காணிப்புத் திட்டம், தலைவரின் புதிய சிந்தனை என்று பலகை வைத்து, அதற்கும் ரிப்பன் வெட்டினார். கைதட்ட என்னை அழைத்திருந்தார்கள், நான் போகவில்லை. அப்பா போனார், வாசலில் நின்று பலகையைச் சத்தமாகப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாராம்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் நாட்டில் வெறும் காபியில் நாளை ஓட்டாதே. மாப்பிள்ளையின் புது வேலை எப்படி என்று எழுது. பல் டாக்டரைப் பார்த்தாயா, தள்ளிப்போடாதே. லாரிக்குப் பின்னால் போவதை நாங்கள் இன்னும் விடவில்லை, அப்பாவுக்கு வியாழக்கிழமை முறை, அதற்கென்று ஒரு மழைக்கோட்டு வாங்கியிருக்கிறார். இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருங்கள், எடுத்த காரியமெல்லாம் உங்கள் கைக்கு வரட்டும். நாளைக் காலை நான் கீழ்த்தெருவுக்குப் போக வேண்டும். லாரி நின்னுடுச்சு சரி, எங்க தண்ணி எப்பம்மா தெளியும் என்று அந்த அம்மா கேட்டார். பள்ளத்தில் கிடப்பதை அள்ளினாலும் நிலத்துக்குள் இறங்கியது போக வருஷங்கள் ஆகும் என்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அங்கேயே உட்கார வேண்டும், அவர் பேசி முடிக்கும் வரை.

ஆசிகளுடன்,
உன் அம்மா