போலந்தில் ஓர் அண்டா கஞ்சி

அன்புள்ள பதுருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மதியத்தில் கொஞ்சமாவது படுக்கிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே மைனஸ் ஒன்பது என்றாலும் கப்பல் யார்டில் வெல்டிங் செய்யும்போது கை சூடாகவே இருக்கிறது.

நேற்று நோன்பு திறக்க நானே கஞ்சி காய்ச்சினேன். ராயபுரம் பள்ளிவாசல் அண்டாவில் கிண்டிப் பழகிய கைக்குச் சின்ன அளவு தெரியவில்லை. அரிசியும் பாசிப்பருப்பும் பூண்டும் பொங்கி, விடுதியில் இருந்த எல்லாப் பாத்திரமும் நிறைந்துவிட்டது. என் அறையில் தங்கியிருக்கும் திருவொற்றியூர் வல்லரசு எட்டிப் பார்த்தான்.

“இன்னா பாய், ஊருக்கே ஆக்கி வச்சிகீறே? இந்தக் குளுருக்கு இத வுட்டா வேற இன்னா வோணும்.”

அவனே போய்க் கதவு கதவாகத் தட்டினான். நேபாளத்துப் பையன்களும் போலந்து ஃபோர்மேனும் டீ கப்போடு வரிசையில் நின்றார்கள். ஃபோர்மேன் மூன்று முறை வந்தார்.

உன் தம்பி ஜீஷான் இங்கே வரும்போது வெந்தயமும் காய்ந்த புதினாவும் கொடுத்தனுப்பு. கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போகும் நம் தூக்குவாளியையும் வைத்துவிடு.

யார்டு பஸ் வந்துவிட்டது. கஞ்சிக்கு அளவு எழுதி அனுப்புவாய் என்று தெரியும். ஒரு ஆளுக்கான அளவை மட்டும் எழுதாதே.

உன்
கமாலுதீன்