ஒன்பதாம் மூட்டு

2005 ஒக்டோபர் 3, திங்கள்

விடியும்போதே மழை. தண்ணீர்க் குழாய் போகிற பாதை முழுக்கச் சேறு. காலில் அட்டை மூன்று.

புது வெல்டிங் மெஷின் வந்து இறங்கியது. கூடவே மாவனல்லை நியாஸ் தம்பி. வயது முப்பதுகூட இராது, கட்டாரில் குழாய் ஒட்டிவிட்டு வந்தவராம். தோட்டத்து ஆற்றை மறித்து கரண்ட் எடுக்கிற இந்தச் சின்ன வேலைக்கு இதெல்லாம் தேவையா என்று மனதுக்குள் சிரித்தேன். நான் தேயிலை பக்டரியில் இருபது வருசம் வெல்டிங் குச்சி பிடித்தவன், தோட்டத்துக்கே வெல்டிங் பாஸ்.

என்ஜினியர் மாத்தயா சொன்னது: இனி மூட்டெல்லாம் இந்த மெஷினில்தான். வெள்ளிக்கிழமை எனக்குச் சோதனை. எக்ஸ்ரே படத்தில் தேறினால் பவர்ஹவுஸில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் திரும்ப பக்டரி.

ஓப்பநாயக்கவில் வாங்க: கறுப்புக் கண்ணாடி 1, மண்ணெண்ணெய், சின்னவளுக்கு இருமல் பாணி.

ஒக். 4, செவ்வாய்

மழை விட்டுவிட்டு.

நியாஸ் ஒட்டிக் காட்டினார். நேற்று மனதுக்குள் சிரித்தவன் வாயடைத்துப் போனேன். குச்சி என்றால் படபடவென்று பொரியும், பொறி பறக்கும், சட்டை ஓட்டையாகும். இது ஒரே ரீங்காரம். கம்பி தானாக வருகிறது. முனையில் உருகின சொட்டு குழாயைத் தொட்டுப் பிரிகிற நேரம் பார்த்து மெஷின் கரண்டைக் குறைக்கிறது, சொட்டு மெத்தென்று இறங்குகிறது, உடனே கூட்டுகிறது. கண் சிமிட்டுவதற்குள் எத்தனை சொட்டு!

"இதெல்லாம் அதுக்கு எப்படித் தம்பி தெரியுது?"

"அது ஒவ்வொரு சொட்டையும் பாத்துக்கிட்டே ஈக்குது அண்ணே."

ஒன்றரை அடிக் குழாய். ஆள் உள்ளே போக முடியாது. வெளியே நின்றபடியே உள்பக்கத்தையும் சேர்க்க வேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் கண்டம். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். சுற்றிவர ஒரே சீரான சின்ன வரம்பு. கட்டி கிடையாது, தொங்கல் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, கும்பிடத் தோன்றியது.

நானும் பிடித்தேன். முடிந்ததும் பழக்கதோசம், சுத்தியலை எடுத்துக் கசடு தட்டினேன். கசடே இல்லை. எல்லாரும் சிரிப்பு.

ஒக். 6, வியாழன்

வெயில், காற்று. நேற்று ஒட்டின மூட்டு முழுக்க ஊசித்துளை. மெஷினைத் திட்டினேன். தப்பு என்னுடையது. குச்சி பிடிக்கிறவன் புகை போகட்டும் என்று காற்று வரும் பக்கம் மழைக்குப் போட்ட படங்கைத் தூக்கிக் கட்டுவான். நானும் கட்டினேன். இந்தக் கம்பிக்கு முனையில் வருகிற காஸ்தான் காவல். மலைக்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"மழைக்குப் பயந்தீங்க, காத்துக்குப் பயப்படல்லயே அண்ணே."

நாலு பக்கமும் இழுத்துக் கட்டினோம். துளை போச்சு.

பிறகு நியாஸ் வேண்டுமென்றே இரண்டு குழாயைக் கோணலாக வைத்தார். ஒரு பக்கம் இடைவெளி அகலம், மறுபக்கம் நெருக்கம். குச்சியில் என்றால் அகலத்தில் ஓட்டை விழும், நெருக்கத்தில் உள்ளே இறங்காது. இது இரண்டையும் நிரப்பிவிட்டது. உள்ளே பார்த்தேன். அதே வரம்பு.

சந்தோசப்பட வேண்டியவன். பழைய மூட்டு ஒன்று நினைவுக்கு வந்தது.

எழுதிவிடுகிறேன். மூட்டு 9. ஓகஸ்டில் நான் குச்சியில் ஒட்டினது. அதுவும் கோணல். மழை, அவசரம். நெருக்கப் பக்கம் உள்ளே இறங்கவில்லை என்று கைக்குத் தெரிந்தது. மேலே அழகாக மூடிவிட்டேன். பத்து மூட்டுக்கு ஒன்றுதான் படம் எடுப்பார்கள், ஒன்பது அகப்படவில்லை. அதற்கு நேர் கீழே பத்துக் காம்பரா வரிசையாக நிற்கிற லயம். அதில் ஐந்தாவது எங்கள் வீடு. தண்ணீர் விட்டாலும் எப்படியும் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். நினைத்தேனோ, நினைக்காமல் இருந்தேனோ.

ஒக். 7, வெள்ளி

சோதனை மூட்டு முடிந்தது. படம் சுத்தம். மாத்தயா கை கொடுத்தார். "சரி பாஸ், புதன்கிழமை தண்ணி விடுறோம். அதுக்குப் பிறகு நீ எங்க ஆள்."

அப்போதே சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி குடித்தேன். பிறகு போய் ஒன்பதைப் பற்றிச் சொன்னேன். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, இன்றைக்கு வார்த்தை வரவில்லை.

மாத்தயா படத்தை மேசையில் வைத்தார். "ஒன்பதைப் பத்தி யாரும் கேக்கவே இல்லையே பாஸ். இப்ப ஏன் சொல்ற?"

சோதனைக் குழாயைத் தூக்கி உள்பக்கத்தைக் காட்டினேன். "இதப் பாத்த பிறகு முடியல மாத்தயா."

"நீயே வெட்டு" என்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒக். 10, திங்கள்

வெட்டினேன். வளையமாகக் கழன்று விழுந்தது. ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே ஒட்டவே இல்லை, நகம் இறங்குகிறது. வெளியே என்ன அழகு!

வீட்டுக்காரி பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தாள். நகத்தை விட்டுப் பார்த்தாள். கீழே லயத்தைப் பார்த்தாள்.

"தண்ணி விட்டா இதுக்குக் கீழயா புள்ளைகள படுக்க வைக்கப் பாத்தீங்க?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள்.

வெட்டின இடத்தில் நியாஸ் புதுத் துண்டு வைத்தார். இரண்டு பக்கமும் நான் ஒட்டினேன். நாலு பக்கமும் படங்கு. சொட்டு தன்பாட்டுக்கு இறங்கினது. அப்படி ஒரு பொறுமை அந்த மெஷினுக்கு.

ஒக். 11, செவ்வாய்

ஒன்பதுக்கென்று தனியாகப் படம் எடுத்தார்கள். சுத்தம். வேலை உண்டா இல்லையா என்று மாத்தயா இன்னும் சொல்லவில்லை. வீட்டில் இராச் சாப்பாடு. ரொட்டி, சம்பல். சம்பலில் கண் கலங்குகிற உறைப்பு.

ஒக். 12, புதன்

மழை இல்லை. மாத்தயா எல்லாரையும் பவர்ஹவுஸுக்குக் கூப்பிட்டார். என்னை மட்டும் லயத்தடியில் நிற்கச் சொன்னார். "ஒன்பது உன் பொறுப்பு. இன்னைக்கும், இனிமேலும்." அப்படியானால் வேலை இருக்கிறது. கண் நிறைந்துவிட்டது.

தண்ணீர் விடும்முன் லயத்து ஆட்களைக் கோயிலடிக்குப் போகச் சொன்னார்கள். எல்லாரும் போனார்கள். இவள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சுளகோடு வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

"நீயும் போடி."

"நீங்க ஒட்டினதுதானே."

"முந்தினதும் நான் ஒட்டினதுதான்."

"அத நீங்களே போய் சொல்லிட்டீங்கள்ல."

மேலே குழாய்க்குள் தண்ணீர் இரைந்து வந்தது. ஒன்பதைத் தாண்டிப் போனது. அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.