பச்சைச் சேலைக்குக் கீழே ஓர் அங்குலம்

இன்று மத்தியானம் உன் பச்சைச் சேலை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உன்னுடையது என்று சொன்னால் சண்டைக்கு வருவாய். "அது யாரோடதும் இல்லடி, ஸ்டுடியோவோடது" என்பாய். சரி, ஸ்டுடியோவின் சேலைதான். ஆனாலும் பொட்டலத்தைப் பிரித்தவுடன் அந்துருண்டை வாசத்தோடு டர்பன்டைன் வாசமும் எழுந்ததே, அது உன் விரல்களின் வாசம். ஐந்து வருஷமாகியும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொண்டுவந்து கொடுத்தவர் ஸ்டுடியோவின் சீன முதலாளி, நம் தவுக்கேதான். ஸ்டுடியோவை மூடிவிட்டு மூவாரில் இருக்கும் மகனிடம் போகிறாராம். தலை முழுக்க நரைத்துவிட்டது. வாசலிலேயே நின்று, "கடை தூத்துப் லா, மூடியாச்சு. இந்தச் சேலை யாருக்கும் குடுக்க மனசு இல்ல. நீங்க வெச்சிக்குங்க" என்றார். அவர் போன பிறகு உன்னிடம் கேட்க முடியாமல் போன கேள்வி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கொடுத்த நீலச் சேலையை நீ ஒரு நாளாவது உடுத்தினாயா?

கான்வென்டில் ஏழாவது வரை நமக்கு ஒரே பெஞ்சு. அதற்கு மேல் என்னை அப்பா படிக்க வைத்தார். உன் வீட்டில் முடியவில்லை. ஜொகூர் பாருவில் சேலை கட்டிவிடத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண் வேண்டுமென்று இந்தத் தவுக்கே தம் போட்டோ ஸ்டுடியோவுக்குத் தேடினார். நீ போனாய். கட்டிவிடப் போனவள் ஆறே மாதத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் தீட்டவும் கற்றுக்கொண்டாய். குச்சியில் பஞ்சைச் சுற்றி, சாயத்தைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நீ கன்னத்துக்குச் சிவப்பேற்றுவதை எத்தனை சனிக்கிழமைகள் பார்த்திருப்பேன்!

அங்கே எல்லாப் பெண்களுக்கும் ஒரே சேலை, இந்தப் பச்சை. ஊரில் இருக்கும் தாய்க்குப் படம் அனுப்ப வரும் தோட்டத்துப் பெண்கள் ரப்பர்ப் பால் கறை படிந்த சேலையோடு காட்சி தர விரும்பமாட்டார்கள். உடை மாற்ற அங்கே அறை கிடையாது. அதனால் கட்டிவந்த சேலைக்கு மேலேயே பச்சையைச் சுற்றிவிடுவாய். படத்தில் ஒவ்வொருத்திக்கும் இடுப்பு ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். மலாயாவில் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எத்தனை தாய்மார்கள் சந்தோஷப்பட்டார்களோ! காலடியில் மட்டும் உள்சேலை ஓர் அங்குலம் எட்டிப் பார்க்கும். அதைப் பச்சைச் சாயத்தால் மூடிவிட வேண்டும் என்பது தவுக்கேயின் கட்டளை.

நீ மூடுவாய். மூடிவிட்டு, ஸ்டுடியோவில் வைத்துக்கொள்ளும் பிரதியின் பின்னால் பென்சிலால் எழுதுவாய். காஹாங் தோட்டத்திலிருந்து ஒருத்தி வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? "நல்லா கட்டி விடுங்கக்கா, எங்கம்மா பாத்துட்டு அழக்கூடாது" என்றாள். அவள் படத்தின் பின்னால் நீ எழுதியது இது: 'வந்தபோது காப்பி நிறக் கண்டாங்கி. தோளில் ஒட்டு. பச்சை ஸ்டுடியோவுடையது.'

"இதெல்லாம் யாருடி படிக்கப் போறா?" என்று சிரித்தேன்.

"யாராச்சும் ஒரு நாள் திருப்பிப் பாப்பாங்க" என்றாய், தலை நிமிராமல்.

நான் சென்னைக்குப் படிக்கப் புறப்பட்டபோது நீ சிங்கப்பூர்த் துறைமுகம் வரை வந்தாய். பெட்டியில் இடமில்லை என்று சொல்லி என் நீலச் சேலையை உன் கையில் திணித்தேன். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வைத்த கரை. எனக்குப் பிடித்த சேலை அது. பெட்டியில் இடமும் இருந்தது. உன்னிடம் இரண்டே சேலைகள்தான் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். உன் முகம் சட்டென்று மாறியது. "நாள் முழுக்க இரவல் சேலை கட்டிவிடுறவ நான். எனக்குமாடி?" என்றாய். கப்பல் ஊதியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். அதன் பிறகு நீ எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்தச் சேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. உன்னைப் புண்படுத்திவிட்டேன் என்ற எண்ணம் முள்ளாகத் தங்கிவிட்டது.

சென்னையில் பழைய ஓவியங்களைக் கொண்டு உடையின் சரித்திரம் படித்தேன். எங்கள் பேராசிரியை கண்டிப்பானவர். ஆனால் படத்தின் முன்னால் நின்றுவிட்டால் குழந்தையாகிவிடுவார். ஒரு கோயில் மண்டபத்தில் விதானத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். நூற்றுக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய பெண்கள் மேலே வரிசையாக நின்றிருந்தார்கள். கொசுவத்தின் மடிப்பு, இடுப்பில் செருகிய முனை, மெல்லிய துணிக்குள் தெரியும் முழங்கால், எதுவும் அழியவில்லை. கழுத்து வலித்தும் எனக்குத் தலையை இறக்க மனம் வரவில்லை. கட்டினவளும் இல்லை, நெய்தவனும் இல்லை, மடிப்பு மட்டும் இருக்கிறதே என்று மலைத்துப்போய் நின்றேன். உன்னை அங்கே கூட்டிவர முடியவில்லையே என்றும் நினைத்தேன்.

பிறகு ஒரு பழைய ஜமீன் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் நான்கு பெண்களின் பெரிய எண்ணெய் ஓவியங்கள். நால்வரும் அரக்குக் கரை வைத்த மஞ்சள் பட்டு உடுத்தியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அந்த வீட்டு வழக்கம் அது என்றும், பருத்த இடுப்பு செல்வத்தின் அடையாளம் என்றும் பேராசிரியை விளக்கினார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேருக்கும் ஒரே மாதிரி இடுப்பு! முந்தானையில் ஒரே இடத்தில் ஒரே இழுத்த நூல்! "அம்மா, இது ஓவியர் கொண்டுவந்த சேலை. சொந்தச் சேலைக்கு மேலே சுற்றியிருக்கிறார்கள்" என்றேன். "ஆதாரம்?" என்று கேட்டார் பேராசிரியை. அன்றைக்கே உனக்கு எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து உன் உறை வந்தது. ஆறு படங்கள். ஆறு பெண்கள், ஒரே பச்சை. ஐந்தின் பின்னால் உன் பென்சில் எழுத்து. ஆறாவது நீயேதான், பச்சை உடுத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஆவலோடு திருப்பினேன். பின்புறம் வெறுமையாக இருந்தது. படத்தின் அடியில் நீலமாக ஏதோ படிந்திருந்தது. கப்பலில் ஈரம் பட்ட கறை என்று நினைத்துக்கொண்டேன்.

பேராசிரியை ஒவ்வொரு படமாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதை எழுதியவர் எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்றார்.

"ஏழாம் வகுப்பு, அம்மா."

"நான் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததைப் பென்சிலாலேயே திருத்திவிட்டாரே" என்றார். மறுவாரம் அனுமதி வாங்கி ஜமீன் வீட்டு ஓவியங்களைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பிப் பார்த்தோம். தூசியும் பல்லி முட்டையும்தான் இருந்தன. அந்த நாலு பெண்களும் உண்மையில் என்ன உடுத்தி வந்தார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது. நீ எவ்வளவு பெரிய காரியம் செய்துகொண்டிருந்தாய் என்று அந்த வெற்றுப் பின்புறத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாவற்றையும் உனக்கு எழுதினேன். 'எல்லாருக்கும் எழுதினாயே, உனக்கு மட்டும் ஏனடி எழுதவில்லை?' என்றும் கேட்டேன். பதில் உன் அண்ணனிடமிருந்து வந்தது. விஷக்காய்ச்சல், எட்டே நாளில் நீ போய்விட்டாயாம். உன் படத்தை ஒரு சட்டத்தில் போட்டேன். அந்தக் கறை தெரியாமல் அடிவிளிம்பை மறைத்துப் போட்டேன்.

நான் இப்போது ஜொகூர் பாருவிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் கற்பிக்கிறேன். படம் என்று எதைக் காட்டினாலும், "முகத்தை அப்புறம் பாருங்க, முதல்ல காலடியப் பாருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்வேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட பாடம். பிள்ளைகளுக்குச் சொன்னேனே தவிர நான் பார்க்கவில்லை.

இன்று சேலையை விரித்ததும் அதன் கரையைப் படத்தோடு ஒப்பிட ஆசை வந்தது. கரை சட்டத்துக்குள் மறைந்திருந்ததால் ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தேன். பச்சைக்குக் கீழே ஓர் அங்குலம் நீலம். கறை இல்லையடி. நீ தீட்டியது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சாயம் படாமல் விட்டு, சுற்றிலும் நீலம் வைத்திருக்கிறாய். எல்லாருடைய அங்குலத்தையும் மூடிய கை, உன்னுடையதை மட்டும் மூடவில்லை. என் கேள்விக்கு அன்றே பதில் சொல்லிவிட்டாய். படம் பார்ப்பதற்கென்றே கடல் தாண்டிப் போய்ப் படித்தவள், வெறும் பின்புறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாய்விட்டு அழுதேன். நடுவே சிரிப்பும் வந்தது. உன் இடுப்பும் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் இருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பென்சிலைத் தேடி எடுத்தேன். படத்தின் பின்னால், உன் வழக்கப்படியே எழுதினேன்: 'வந்தபோது நீலச் சேலை. கரையில் வெள்ளைப் புள்ளி. பச்சை ஸ்டுடியோவுடையது. நீலம் அவளுடையது.'